நாலு வீடு மாறிய விளக்கு: சென்னை முதல் மாமல்லபுரம் வரை மூன்று நாள்

முதல் நாள், வியாழன். ராயபுரம், இரவு 10.30

மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் எப்போதும் கொஞ்சம் பிரமிப்புதான். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்காக வந்தேன், கல்யாணம் நேற்றோடு முடிந்தது, ரயில் டிக்கெட் சனிக்கிழமை ராத்திரிக்குத்தான் கிடைத்தது. இடையில் மூன்று நாள். சித்தப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவி பார்ப்பதற்குப் பதில் எங்காவது போகலாம் என்றேன். "லைட் ஹவுஸ் பாக்கலாம் வா" என்றார். மெரினாவில் இருக்கிறதே அதுவா என்று கேட்டதற்கு, "அது நாலாவது. மொதல்ல மூணையும் பாத்துட்டு அங்க போவோம்" என்றார். மெட்ராஸுக்கு நாலு கலங்கரை விளக்கங்கள் இருந்தன என்பது எனக்கு இன்று காலை வரை தெரியாது.

சித்தப்பா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவர், கடைசியில் சுக்கானியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வயது 71. முட்டி வலி. ஆனால் விளக்கு என்றால் முட்டி மறந்துவிடும் போல.

காலை முதல் வேலையாகக் கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிற கட்டடத்துக்கு முன்னால் நின்று, அதன் மொட்டை மாடியைக் கையால் காட்டினார். அங்கேதான் 1796இல் முதல் விளக்கை ஏற்றினார்கள். தேங்காய் எண்ணெய் விளக்குகள். கீழே வியாபாரிகள் கூடிப் பேரம் பேசும் எக்ஸ்சேஞ்ச் கூடம், மேலே கப்பலுக்கு விளக்கு. அந்த வியாபாரமே கப்பலை நம்பி நடந்ததுதான் என்பதால் பொருத்தமான ஜோடி என்று தோன்றியது. கோட்டை கட்டியது 1644இல். ஆக 150 வருஷத்துக்கு மேல் முறையான கலங்கரை விளக்கம் ஒன்று இல்லாமலே இந்த ஊருக்குக் கப்பல் வந்து போயிருக்கிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் அப்போது இங்கே துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். மசூலா என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு, ஆணி கிடையாது. அலை அடிக்கும்போது படகு நெளிந்து கொடுக்கும், ஆணி அடித்திருந்தால் பிளந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய கரை இது.

அருங்காட்சியகத்துக்குள் கார்ன்வாலிஸ் சிலை இருக்கிறது, 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி இருக்கிறது. கொடியின் முன்னால் நிறைய நேரம் நின்றேன். விளக்குக்குத் தொடர்பில்லாத விஷயம் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கிருந்து உயர் நீதிமன்றம். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. இந்த வளாகத்தில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றல்ல, இரண்டு. பாரிமுனைப் பக்கம் மரங்களுக்கு மேலே தெரிகிற கருங்கல் தூண்தான் இரண்டாவது. தெரியாதவர்கள் யாருக்கோ நினைவுச்சின்னம் என்று நினைப்பார்கள், நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரேக்கக் கோயில் தூண் பாணியில், டோரிக் என்பார்கள், சுமார் 120 அடி உயரம். மெட்ராஸ் பொறியாளர் படையின் கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்தது. கல் பல்லாவரத்திலிருந்து வந்தது. 1844 ஜனவரி 1ஆம் தேதி ஏற்றினார்கள்.

பல்லாவரத்துக் கல்லில் கிரேக்கத் தூண். ஒன்றும் சொல்வதற்கில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

அது ஐம்பது வருஷம் எரிந்தது. நடுவில் நீதிமன்றத்துக்குப் பெரிய கட்டடம் வந்தது. சிவப்புச் செங்கல், குவிமாடங்கள், ஹென்றி இர்வின் கைபட்ட இந்தோ சாரசெனிக் பாணி, 1892இல் திறந்தார்கள். உயரமான குவிமாடம் ஒன்று பக்கத்திலேயே எழும்பி நிற்கும்போது கீழே தனியாக ஒரு தூண் எதற்கு என்று விளக்கை அந்தக் குவிமாடத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1894 ஜூனிலிருந்து அங்கே எரிந்தது. கடல் மட்டத்திலிருந்து 175 அடி. லென்ஸ் பர்மிங்காம் சான்ஸ் பிரதர்ஸ் கம்பெனியில் செய்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்குக் கண்ணாடி கொடுத்த அதே கம்பெனிதான்.

கீழே வழக்கு நடக்கிறது, தலைக்கு மேலே கப்பலுக்கு விளக்கு எரிகிறது. உலகத்தில் எத்தனை நீதிமன்றங்களுக்கு இப்படி ஒரு உபரி வேலை இருந்திருக்கும்?

உள்ளே போய் ஏறவெல்லாம் முடியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. சித்தப்பா எம்டன் கதையை எடுத்தார். 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் இருட்டில் மெட்ராஸுக்கு முன்னால் வந்து நின்று, சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டுப் போய்விட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது, அதைச் சொல்கிற கல்வெட்டு கிழக்குப் பக்கச் சுவரில் இன்னும் இருக்கிறது. போர் நடக்கிறதே என்று ஊர் விளக்கை யாரும் அணைத்து வைத்திருக்கவில்லை.

"வெளக்குக்கு நம்மாளு வேத்தாளு தெரியுமா? யார் வந்தாலும் வழி காட்டும்" என்றார் சித்தப்பா.

"சரியான எம்டன்டா அவன்" என்று எங்கள் பாட்டி ஊரில் ஒருத்தரைத் திட்டிக்கொண்டே இருப்பார். எம்டன் என்றால் எமனுக்குச் சொந்தக்காரன் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது ஒரு கப்பலின் பெயர், அந்தக் கப்பலுக்கு ஜெர்மனியில் உள்ள ஒரு ஊரின் பெயர், அது மதுரைப் பக்கத்துக் கிராமம்வரை வசவாக வந்து சேர்ந்திருக்கிறது.

சாயந்திரம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், புளித்தண்ணி, பொரித்த வெங்காயம், மேலே தட்டை மாதிரி நொறுக்கிப் போடுவார்கள். இரண்டு தட்டு. காரம் அதிகம்.

இரண்டாம் நாள், வெள்ளி. இரவு 9.45

இன்று நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மெரினா விளக்கு மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பார்வையாளர்களுக்கு அடைப்பு என்று எங்கேயோ படித்திருந்தும், பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி ஒன்றே காலுக்குத்தான் போய் நின்றேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சரி, இரண்டு மணி நேரம் எங்கே போவது? பக்கத்தில் நொச்சிக்குப்பம். மீன் கடைகள் பக்கமாக நடந்துவிட்டு, ஒரு படகு நிழலில் உட்கார்ந்தோம். அங்கே உட்கார்ந்துதான் மணலைப் பற்றிப் பேசினோம், உண்மையில் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மெரினா இவ்வளவு அகலமாக இருந்ததே இல்லை. கோட்டைக்கு முன்னால் அலை மதில்வரை வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1875 வாக்கில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட ஆரம்பித்தார்கள், 1881 புயல் வந்து அடித்து நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்குப் பக்கம் மணல் தேங்கியது, வருஷத்துக்கு வருஷம் கரை அகன்றுகொண்டே போனது. இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிற மணல் அது. வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை, அதனால் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. "உங்களுக்கு பீச்சு வந்துச்சு, எங்களுக்குத் தெரு போச்சு" என்றார் சித்தப்பா. இந்த ஊரில் விளக்குதான் வீடு மாறியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடலும் மாறியிருக்கிறது.

மூன்று மணிக்கு டிக்கெட். கேமராவுக்குத் தனி டிக்கெட். 1977 ஜனவரி 10 அன்று விளக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து இங்கே வந்தது. முக்கோண வடிவக் கோபுரம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, 46 மீட்டர், பதினோரு மாடி. லிப்ட் இருக்கிறது! கலங்கரை விளக்கத்தில் லிப்ட் என்பது நம் நாட்டில் அபூர்வம், சித்தப்பாவின் முட்டி இன்று பிழைத்தது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல வருஷம் மக்களை விடாமல் வைத்திருந்து 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள்.

மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. வடக்கே துறைமுகத்துக் கிரேன்கள், கிழக்கே கோடு போட்ட மாதிரி கடல், கீழே சாந்தோம் சாலையில் வண்டிகள் தீப்பெட்டிபோல. மணலின் அகலத்தை இங்கிருந்து பார்த்தால்தான் உறைக்கிறது, படகு நிழலில் பேசியது முழுவதும் கண்முன்னே விரித்துக் கிடக்கிறது.

அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை அழகுக்கு இல்லையாம். பகலில் விளக்குத் தெரியாது, அப்போது கோபுரத்தின் நிறத்தை வைத்துத்தான் எந்த ஊர் என்று கப்பல்காரர்கள் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். ராத்திரிக்கு வேறு அடையாளம். அதைக் காட்டத்தான் என்னை இருட்டும்வரை மணலிலேயே உட்கார வைத்தார்.

ஆறரைக்கு மேல் விளக்கு சுற்ற ஆரம்பித்தது. "எண்ணு" என்றார்.

எண்ணினேன். ஒரு மின்னல், உடனே இன்னொன்று, அப்புறம் இருட்டு. மறுபடி அதே மாதிரி இரண்டு. ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தும் பார்த்தேன், பத்துதான்.

"பத்து செகண்டுல ரெண்டு அடிச்சா மெட்ராஸ். வேற கணக்குல அடிச்சா வேற ஊரு. ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில, தூக்கக் கலக்கத்துல, தூரத்துல ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். அது எந்த ஊருன்னு யாரைக் கேப்ப? எண்ணித்தான் பாக்கணும்."

எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிந்தால் பயன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு, அந்தத் தாளங்களெல்லாம் மாலுமிகளின் கையேட்டில் அச்சாகி இருக்கும், கடல் வரைபடத்திலும் குறித்திருக்கும். இந்த விளக்கின் ஒளி 28 கடல் மைல் எட்டும் என்று கணக்கு, கிட்டத்தட்ட 52 கிலோமீட்டர். ஆனால் பூமி உருண்டை. விளக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து நேர்கோடு போட்டால் 27 கிலோமீட்டரிலேயே அடிவானம் வந்துவிடும். அதற்கு அப்பால் தெரிய வேண்டுமானால் பார்ப்பவரும் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டுமரத்தில் இருப்பவருக்கு இந்த விளக்கு கிட்டே வந்த பிறகுதான் தெரியும், பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு முன்னாடியே தெரிந்துவிடும். கடல் அத்தனை பேருக்கும் ஒன்றுதான் என்று சொல்வது சும்மா.

போன் செய்து இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். "வேற ஒன்னும் பாக்கலியா?" என்று கேட்டார்கள்.

தூங்கப் போகும் முன் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "கலங்கரைன்னா என்ன அர்த்தம்?" கரையில் இருக்கிற விளக்கு என்றேன். கலம் வருகிற கரை. சிரித்தார். "நாளைக்கு மாமல்லபுரத்துல சொல்றேன்" என்று விளக்கை அணைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், சனி. எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுவது

காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, கூட்டம், நின்றுகொண்டேதான் போனோம். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நேராகக் குன்றுமேல் ஏறினோம்.

மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடம். ஒன்று 1904இல் ஆங்கிலேயர் கட்டிய வட்டமான கல் கோபுரம். இன்னொன்று, அதற்கு 1,200 வருஷம் மூத்தது என்று தோராயமாகச் சொல்லலாம், ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிவன் கோயில். மகிஷாசுரமர்த்தினி குகையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் குகையைப் பார்த்துவிட்டுக் கீழேயே திரும்பிவிடுகிறார்கள், மேலே ஏறிப் பார்க்காமல் போவது பெரிய நஷ்டம்.

இந்தக் கோயிலுக்கு இன்று விமானம் கிடையாது. மேல்பகுதி போய், மொட்டையாகத் தட்டையாக நிற்கிறது. 1887இல் இந்த ஊருக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று வந்தபோது, தனியாகக் கட்டடம் எதற்கு, இதோ குன்றின் உச்சியில் தயாராக ஒரு கல் கட்டடம் என்று கோயிலின் தலையிலேயே விளக்கை வைத்துவிட்டார்கள். பக்கத்தில் புதுக் கோபுரம் வரும்வரை அதுதான் கலங்கரை விளக்கம். பழைய கலங்கரை விளக்கம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கோயிலின் பெயர் ஓலக்கண்ணேஸ்வரர். ஊரில் இதை உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்றும் சொல்வார்கள், விளக்கெரிக்க வீட்டுக்கு ஒரு உழக்கு எண்ணெய் கொடுத்ததால் வந்த பெயர் என்று கதை. கதை உண்மையோ இல்லையோ, எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கோட்டையில் எரிந்தது கும்பினிக் கணக்கில் வாங்கிய தேங்காய் எண்ணெய், இங்கே ஊரே உழக்கு உழக்காகக் கொண்டுவந்து ஊற்றிய எண்ணெய்.

கோயிலின் நிழலில் உட்கார்ந்து, சித்தப்பா நேற்றைய கேள்விக்கு வந்தார். காக்கா என்ன செய்யும்? கரையும். கரைவது என்றால் கூப்பிடுவது. கலத்தைக் கரைகிற விளக்கம், அதுதான் கலங்கரை விளக்கம். கப்பலில் ஒரு தூத்துக்குடிக்காரர் சொல்லிக்கொடுத்தாராம், அவர் பெரும்பாணாற்றுப்படையை மனப்பாடமாக வைத்திருந்தாராம். போனில் தேடி எடுத்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது.

"வானம் ஊன்றிய மதலை போல
ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி
விண்பொர நிவந்த வேயா மாடத்து
இரவின் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி
உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை"

வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண் மாதிரி உயரம், ஏணி சாத்தியும் ஏறுவதற்குக் கஷ்டமான உச்சி, மேலே கூரை வேயாத மாடம், அங்கே இரவில் ஏற்றிய தீ கடலில் ஓடுகிற கப்பல்களைக் கூப்பிடுகிறது. பாட்டில் இந்தத் துறையின் பெயர் நீர்ப்பெயற்று. அது மாமல்லபுரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. பாட்டுக்குப் பிறகு பல நூற்றாண்டு கழித்துக் கட்டிய கோயில் இது, அதனால் நேரடிச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கூரை போன ஒரு கல் மாடத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு "வேயா மாடம்" என்று படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நேற்று மணலில் உட்கார்ந்து எண்ணிய அந்த இரண்டு மின்னலும் ஞாபகம் வந்தது. பத்து விநாடிக்கு ஒரு தரம் மெட்ராஸ், மெட்ராஸ் என்று அது தன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும், எனக்கு இப்போதுதான்.

அப்புறம் கல் கோபுரம். இங்கே லிப்ட் இல்லை. வெளியில் சுண்ணாம்போ வண்ணமோ கிடையாது, வெட்டிய கல் அப்படியே தெரிகிறது, பக்கத்தில் பல்லவர்கள் குடைந்த பாறைகளுக்கு நடுவில் அது துருத்திக்கொண்டு நிற்கவில்லை. மெரினாக் கோபுரத்தைவிட இதுதான் எனக்குப் பிடித்தது. சித்தப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

உள்ளே சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் படி. நான் முன்னால், அவர் பின்னால். பாதி வழியில் மூச்சு வாங்கியது, எனக்குத்தான். கடைசியில் படி முடிந்து ஏணி மாதிரி செங்குத்தாகக் கொஞ்சம் ஏற வேண்டும், அப்புறம் குனிந்து வெளியே வரச் சின்ன வாசல், எனக்கு முன்னால் போன ஒருவர் தலையை இடித்துக்கொண்டார். "ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவர் ஏறியே தீருவேன் என்று ஏறிவிட்டார்.

மேலே சுற்றி நடக்கக் குறுகலான இடம். கிழக்கே கடற்கரைக் கோயில் கை அளவில், தெற்கே மரங்களுக்கு நடுவில் ஐந்து ரதங்கள், அதற்கும் அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டடங்கள். கோயில், கோபுரம், அணு உலை எல்லாம் ஒரே பார்வைக்குள் வருகிறது. கீழே ஓலக்கண்ணேஸ்வரரின் மொட்டைத் தலை. மேலிருந்து பார்க்கும்போதுதான் அங்கே ஒரு விளக்கை வைக்க எவ்வளவு வசதியான இடம் என்பது புரிந்தது.

சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் இந்த விளக்கை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாராம், எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து. இந்தப் பக்கத்திலிருந்து இன்றுதான் முதல் தடவை.

சாயந்திரம் வரை இருந்து விளக்கு ஏற்றுவதைப் பார்த்து, இதன் தாளத்தையும் எண்ண வேண்டும் என்று ஆசை. ரயில் இருக்கிறதே. நாலு மணிக்குக் கிளம்பினோம். இறங்கும்போதுதான் முட்டி பழிவாங்கியது, கடைசி ஐம்பது படியை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார். எழும்பூரில் என்னை விட்டுவிட்டுப் போகும்போது சித்தி போனில் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார், 71 வயதில் ஏணி ஏறுகிற ஆளா நீங்கள் என்று. இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லெண்ணெய் ஒரு உழக்கு காய்ச்சி வை, வரேன்" என்று போனை வைத்தார்.